அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் போன உங்கள் அம்மா

பெரியவளே, சின்னவனே, இது உங்கள் ரெண்டு பேருக்கும்தான். போன வாரம் பெரியவள் போனில், "காம்பவுண்டு சுவர் தகராறுப்பா, தெரிஞ்ச வக்கீல் யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டாள். பக்கத்தில் இருந்த உங்கம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். தெரிஞ்ச வக்கீல் வேறம்மா, தேவைப்படுகிற வக்கீல் வேறு. அதை நான் கற்றுக்கொண்ட கதையை இதுவரை அவள்தான் கையைக் காலை ஆட்டிச் சொல்லியிருக்கிறாள். இன்றைக்கு நான் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. திண்டுக்கல்லில் மோட்டார் காயில் கட்டும் கடையைப் புதிதாகப் போட்டிருந்தேன். உங்கம்மாவின் ஊரான கன்னிவாடியில் உங்கள் சித்திக்குக் கல்யாணம். "முதல் பஸ்ஸுக்குப் போயிருவோம் ஜெயா" என்று அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். அன்றைக்கென்று குஜிலியம்பாறைப் பக்கத்து விவசாயி ஒருவர், "பயிரு கருகுது அப்பு" என்று எரிந்துபோன மோட்டாரோடு வந்து நின்றார். உட்கார்ந்தவன் எழுந்தபோது அங்கே மாதா கோயிலில் தாலி கட்டி, பந்தியும் முடிந்திருந்தது. பெரியவளை இடுப்பில் வைத்துக்கொண்டு தனியாகப் போன உங்கம்மா, அப்புறம் திரும்பவில்லை.

நேரே போய்க் கூப்பிட்டிருக்கலாம். மாமனார் முகத்தில் முழிக்கப் பயம். (அந்தப் பயத்துக்கு ரோஷம் என்று பெயர் வைத்திருந்தேன்.) வீட்டில் பெரியவளின் தூளி உத்தரத்துக் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. பார்க்கப் பொறுக்காமல் அவிழ்த்து மடித்து வைத்தேன். அப்புறம் வெறும் கொக்கியைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

பக்கத்துக் கடை வெல்டிங் சேவியர்தான் வழி சொன்னான். பஸ் மோதிக் கால் ஒடிந்து, கேஸ் போட்டு ஜெயித்தவன். "ஏலே, எங்க வக்கீல்ட்ட வா. கைராசிக்காரரு. தொட்ட கேசு தோத்ததே இல்ல. ஒரு நோட்டீஸ் விட்டாருன்னா தங்கச்சி மறுநாளே வந்து நிக்கும்."

போனோம். வக்கீல் ஆபீஸ் பெஞ்சில் ஒருத்தருக்குக் காலில் மாவுக்கட்டு, ஒருத்தருக்குக் கழுத்தில் பட்டை. நான் மட்டும் முழுசாக இருந்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்களுக்கு எங்க அடி?"

"மனசுலண்ணே."

"எக்ஸ்ரே எடுத்தாச்சா?"

வக்கீல் நல்ல மனுஷன். "தம்பி, நான் பாக்குறது ஆக்சிடென்ட் கேசு மட்டும்தான். குடும்ப விவகாரத்துக்குன்னே ஆளுங்க இருக்காங்க, அங்க போங்க" என்று தெளிவாகத்தான் சொன்னார். நான் விடவில்லை. "உங்க கைராசி போதும் சார்." (மோட்டார் கட்டுகிற என்னிடம் ஒருத்தன் கைக்கடிகாரத்தைக் கொண்டுவந்து இப்படிக் கெஞ்சினால், வெளியே போடா என்றிருப்பேன்.) அவர் பெருமூச்சு விட்டுக் குமாஸ்தாவைக் காட்டிவிட்டுக் கோர்ட்டுக்குக் கிளம்பினார்.

குமாஸ்தாவுக்குத் தெரிந்தது ஒரே ஒரு மாதிரி நோட்டீஸ். "என்னென்ன இழப்பு? சொல்லுங்க" என்றார். என்னை யாராவது ஏதாவது கேட்டே எத்தனையோ நாளாகியிருந்தது. கொட்டிவிட்டேன். சாயங்காலம் தூளியை ஆட்டினால் சிரிக்கக் குழந்தை இல்லாதது, "சாப்டியா"ன்னு கேட்க ஆளில்லாதது, வெஞ்சனம் இல்லாத வெறும் சோறு, தண்ணிக் குடம் வைக்கும்போது அவள் முனகும் பாட்டு. அவர் நிமிராமல் எழுதினார்.

நோட்டீஸ் கன்னிவாடிக்கு ரிஜிஸ்டர் தபாலில் போனது. மாமனார் அதைத் தெருவில் இருந்த வாத்தியார் ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து சொந்தமெல்லாம் கூடியிருந்த நேரம். வாத்தியாருக்கோ வெண்கலக் குரல்.

"சம்பவத்தன்று மேற்படி ஜெயராணி என்பவர் அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் வீட்டை விட்டுப் புறப்பட்டுச் சென்றதில், எனது கட்சிக்காரருக்கு மேற்படி குழந்தையின் சிரிப்பு இழப்பும், மேற்படி பாட்டு இழப்பும் ஏற்பட்டு..."

கோழிகூடச் சிரித்ததாக உங்கம்மா சொல்லுவாள். அவள் சிரிக்கவில்லை. "நான் என்ன லாரியா?" என்று ஒரே அழுகை. மாமனார் மறுநாளே திண்டுக்கல்லுக்கு வந்து, குடும்ப வழக்கு பார்க்கும் ஒரு வக்கீலம்மாவைப் பிடித்தார். வக்கீலம்மா என்னை வரச்சொல்லி ஆள் விட்டார். விவாகரத்துதான் என்று நினைத்துக்கொண்டு, ஜெபமாலையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனேன்.

உள்ளே உங்கம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் பெரியவளே, நீ. என்னைப் பார்த்ததும் யாரோ என்று முகத்தை அவள் தோளில் புதைத்துக்கொண்டாய். நோட்டீஸில் எழுதாமல் விட்ட இழப்பு அதுதான்.

வக்கீலம்மா நோட்டீஸைப் படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏம்ப்பா, நேர்ல போய்க் கூப்பிட்டியா?"

"இல்ல மேடம். நோட்டீஸ் அனுப்பிச்சேன்."

உங்கம்மா தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "நானும் தெனம் வாசலத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். தபால்காரருதான் வந்தாரு."

வக்கீலம்மா நோட்டீஸை மடித்து என் பக்கம் தள்ளினார். பிறகு சொன்னார்: "நெலத் தகராறுக்குச் சிவில் வக்கீல். போலீஸ் கேசுன்னா கிரிமினல் வக்கீல். பஸ்ஸு மோதுனா நீ போன அந்த வக்கீல். சேந்து வாழவே முடியலன்னா எங்கிட்ட வா. பொண்டாட்டியக் கூப்புடுறதுக்கு எந்த வக்கீலும் வேணாம், உன் வாயி போதும்."

"வா ஜெயா" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"ஞாயித்துக்கிழம வீட்டுக்கு வந்து, அப்பா முன்னாடி கூப்புடுங்க. வாரேன்."

இன்றைக்கும் கடைத்தெருவுக்குப் பையை எடுத்தால், "மெதுவாவும் ஜாக்கிரதையாவும் போறேன், நோட்டீஸ் விட்றாதீங்க" என்றுதான் படியிறங்குவாள். அவள் வர அரை மணி நேரம் பிந்தினால் நான் வாசலுக்கு வந்துவிடுகிறேன் என்பதும் உங்களுக்குத் தெரியும். பெரியவளே, சுவருக்குச் சிவில் வக்கீலைப் பார். அதற்கு முன்னால் பக்கத்து வீட்டுக் கதவை ஒருதடவை தட்டு.

வக்கீலம்மாவைப் பார்த்த அன்றைக்கு, அவர்கள் கன்னிவாடி பஸ் ஏறியதும் நான் வீட்டுக்கு வந்தேன். பெட்டியில் மடித்து வைத்திருந்த சேலையை எடுத்துக் கொக்கியில் தூளி கட்டினேன். முடிச்சு தாங்குமா என்று சந்தேகம். கடைக்குப் போய், உன் எடைக்குச் சரியாக இருக்கும் என்று தோன்றிய ஒரு அரை எச்பி மோட்டாரைத் தூக்கி வந்தேன். கிரீஸ் சேலையில் ஒட்டாதபடி துண்டில் சுற்றித் தூளிக்குள் படுக்க வைத்தேன். முடிச்சு தாங்கியது. அது தெரிந்த பிறகும் ஆட்டிக்கொண்டிருந்தேன்.