இரண்டாம் தலைமுறை ஜீப்புக்கு மூன்றாம் தலைமுறை முகம்

பாப்பாமோட்டை,
பங்குனி, புதன்கிழமை.

அன்புள்ள மருமகன் பார்த்தீபன் அவர்களுக்கு,

மாமா தம்பு எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் மாமியும் சுகம். தக்சிகா நிறைமாதம் என்றாலும் இரண்டு பேரின் சோற்றையும் மூன்று பேரின் கோபத்தையும் குறைவில்லாமல் கொண்டு நடத்துகிறாள். கட்டார் வெயிலில் உங்களுக்கு ஒரு குறையும் வராமல் இருக்க வெள்ளிக்கிழமை தோறும் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறோம். போனில் சொல்லாமல் கடிதம் எழுதுவதற்குக் காரணம், இந்த வீட்டில் போன் கதைத்தால் உங்கள் மனைவியின் காது மூன்று அறை தாண்டி வந்துவிடும். லீவு முடிந்து வெள்ளிக்கிழமை திரும்புகிற உங்கள் கூட்டாளி நிதர்சனிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். வாசித்தவுடன் கிழித்துவிடவும்.

விசயம் ஜீப் பற்றியது. போன மாதம் நீங்கள் எனக்கு ஒரு லிங்க் அனுப்பினீர்கள். கசாமா ஜீப்பில் முதலாம் தலைமுறை இரும்பு, இரண்டாம் தலைமுறையின் கியர்ப்பெட்டி எந்த நேரமும் காலை வாரும், மூன்றாம் தலைமுறை பரவாயில்லை என்று யாரோ ஒரு வெள்ளைக்காரன் எழுதியிருந்தான். அதற்குக் கீழே, "மாமா, எங்கட ஜீப் ரெண்டாவது. பிள்ளைப்பேறுக்கு அதிலதானே ஆஸ்பத்திரிக்குப் போகப்போறியள், கவனம்" என்று உங்கள் கையால் ஒரு வரி. தம்பி, அந்த ஒரு வரியை நீங்கள் எழுதாமல் விட்டிருக்கலாம். ஒன்பது வருசமாக நெல்லு மூட்டை, உர மூட்டை, பொங்கல் பானை, மாமியின் தமக்கை என்று ஏற்றினதையெல்லாம் சுமந்து ஒரு முனகல் முனகாத வாகனம், நான் கண்ணாடியைக் கழற்றி வைக்க முதலே முனகத் தொடங்கிவிட்டது. மூன்றாம் கியரில் ஒரு இருமல், நாலாம் கியரில் ஒரு பெருமூச்சு. ஆஸ்பத்திரிக்கு எத்தனை நிமிடம் எடுக்கும் என்று பார்க்க நான் ஆறு தரம் தனியாக மன்னாருக்கு ஓடிப் பார்த்தேன். சத்தம் கேட்க ஒவ்வொரு பாலத்திலும் நிற்பாட்டி நிற்பாட்டிப் போனதால் அரை மணித்தியால ஓட்டம் ஒன்றரை மணித்தியாலம் ஆனது. பிள்ளை வழியில் பிறந்துவிடாதா!

மன்னார் கராஜ்காரன் இன்பாஸிடம் கொண்டுபோனேன். அவன் ஓடிப் பார்த்து, குலுக்கிப் பார்த்து, "ஐயா, இதில ஒரு வருத்தமும் இல்லை. சும்மா கொண்டுபோய் ஓடுங்கோ" என்றான். பழுது இல்லை என்று சொல்கிற மெக்கானிக்கை எப்படித் தம்பி நம்புவது? விற்பதென்று முடிவு செய்தேன். கீரியிலிருந்து வந்தவர், அடம்பனிலிருந்து வந்தவர், வங்காலையிலிருந்து வந்தவர், மூன்று பேரும் ஜீப்பைப் பார்க்க முதல் போனைத்தான் பார்த்தார்கள். மூன்று போனிலும் நீங்கள் அனுப்பின அதே லிங்க். அந்த வெள்ளைக்காரன் என் கையில் கிடைத்திருந்தால் உழவு மெசினில் கட்டியிருப்பேன்.

அப்போதுதான் இன்பாஸ் தலையைச் சொறிந்துகொண்டு, "ஐயா, கொழும்பில எல்லாரும் செய்யிறவைதானே. முன் முகத்தை மாத்துவம். மூண்டாவது மொடலின்ர பம்பர், லைற், கிறில் போட்டா ஆருக்குத் தெரியும்?" என்றான். எனக்கு மனம் கேட்கவில்லை. ஆனால் பிள்ளைப்பேறு முன்னுக்கு நிற்கிறது. இரண்டு நாளில் எங்கள் ஜீப் மூக்கும் முழியுமாகப் புது மாப்பிள்ளை போல வந்து நின்றது.

முசலியிலிருந்து எங்கள் ஊருக்கு நெல்லு வாங்க வருகிற சாஹுல் ஹமீட்டை உங்களுக்குத் தெரியும்தானே. அவரிடம் இருந்தது முதலாம் தலைமுறை, அசல் இரும்பு. மகன் றிஸ்லானின் கலியாணத்துக்குக் கொஞ்சம் புதிதாக ஒன்று தேடுகிறார் என்று கேள்விப்பட்டு, வண்டிக்கு வண்டி மாற்றுவோம் என்று வாயை விட்டேன். மனிசன் வைக்கல் ஒட்ட ஒட்ட அரை மணித்தியாலம் ஜீப்புக்குக் கீழே படுத்துக் கிடந்தார். நான் பிள்ளையாரைக் கூப்பிட்டபடி நின்றேன். எழும்பி வந்து ஒரு சிரிப்புச் சிரித்து, "சரி தம்பண்ணன், மாத்துவம்" என்றார். வண்டியின் பதிவுப் புத்தகத்தைக்கூடக் கேட்கவில்லை. "பேர் மாத்தேக்க பாப்பம், உங்கட சொல்லுப் போதும்" என்றார். அந்தச் சொல் இப்பவும் என்னைக் குத்துகிறது. போகும்போது, "இதின்ர டீசல் பைப் கடல் காத்தில அரிச்சுப்போச்சு. மாத்தாம ஓடாதேங்கோ" என்று வேறு சொன்னார். முதலாம் தலைமுறைக்குப் பைப் பழுதாகுமா? லிங்கில் அப்படி ஒரு சொல் கிடையாது.

தக்சிகாவிடம், எங்கட ஜீப் கராஜில், இது ஹமீட்டின் இரவல் வண்டி என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவளுக்கு உண்மை தெரிந்தால் பிள்ளை இந்தக் கிழமையே பிறந்துவிடும். ஆகையால் நீங்கள் இனி ஒன்றுக்கும் யோசிக்கத் தேவையில்லை. வாசலில் இரும்பு நிற்கிறது. பிள்ளைப்பேற்று நோ கண்டால் அரை மணித்தியாலத்தில் ஆஸ்பத்திரி.

வேளைக்குச் சாப்பிட்டு, வெயிலுக்குள் அலையாமல், தேகத்தைக் கவனிக்கவும். பிள்ளையார் துணை.

இப்படிக்கு,
உங்கள் மாமா,
க. தம்பு

பி.கு.: பிள்ளை பிறந்த செய்தி போனில் கிடைத்திருக்கும். எப்படிப் போனோம் என்பதை மற்றவர்கள் சொல்ல முதல் நான் சொல்லிவிடுகிறேன். மேலே எழுதினதைக் கிழிக்கத்தான் பார்த்தேன். மாமி பறித்து, "இல்லை, மருமகனும் வாசிக்கட்டும்" என்றுவிட்டா.

கடிதத்தை மடிக்கக்கூட இல்லை, நோ தொடங்கிவிட்டது. இரும்பு நல்லாத்தான் ஓடிச்சுது. மன்னார்ப் பாலத்தின்ர நடுவில டீசல் பைப் பொட்டெண்டு விட்டுது. ரெண்டு பக்கமும் கடல், முன்னுக்கு ஒரு கழுதை, பின்னுக்குத் தக்சிகா. "வண்டியில பிழை இராது பிள்ளை, முதலாம் தலைமுறை" எண்டு நான் சொல்ல, "அப்பா, இனி ஒரு சொல்லுச் சொன்னியள் எண்டா நான் இதிலயே பெத்துப்போடுவன்!" எண்டு கத்தினாள். பயத்தில நான் அழுதுபோட்டன், தம்பி. மாமிதான் ஹமீட்டுக்குப் போன் எடுத்தா. எங்கட ஊரில நெல்லுப் பாத்துக்கொண்டு நிண்ட மனிசன் எல்லாத்தையும் போட்டது போட்டபடி விட்டிட்டுப் பறந்து வந்தார். எதில? நான் முகம் மாத்திக் குடுத்த ஜீப்பில.

தக்சிகாவைப் பின் சீற்றில படுக்கவைச்சம். அவள் நோவுக்குள்ளயும் ஒருக்காத் திரும்பிப் பாத்திட்டு, "ஹமீட் மாமா, இது எங்கட ஜீப். மூண்டாம் மாசம் நான் சத்தி எடுத்த கறை இதில கிடக்கு" எண்டாள். எனக்குக் கடலுக்க குதிக்கலாம் போல இருந்துது. ஹமீட் ரோட்டில இருந்து கண்ணை எடுக்காமல், "தெரியும் மகள். முகத்தைப் பாத்தே நான் வண்டி எடுத்தனான்? கீழ படுத்துப் பாத்தனான். இது ரெண்டாவது மொடலின்ர கடைசி வருசம். அந்த வருசந்தான் கியர்ப்பெட்டியைத் திருத்தி விட்டவங்கள். மூண்டு தலைமுறையிலயும் இதைப் போல வண்டி இல்லை. உங்கட வாப்பா குடுத்திட்டார், நான் ஏன் வேண்டாமெண்டுவன்?" எண்டார். ஜீப் ஒரு இருமல் இருமேல்லை. போய்ச் சேந்து இருவது நிமிசத்தில பெண்பிள்ளை, மூண்டு கிலோ நூறு.

"ஹமீட், திருப்பி மாத்துவமே?" எண்டு அடுத்த நாள் கேட்டுப் பாத்தன். "அதைத் தவிர வேற ஏதும் கேளுங்கோ" எண்டு சிரிச்சார். பைப்பை மட்டும் தானே கொண்டுவந்து போட்டுத் தந்தார். மனிசன்ர முகத்தை நிமிந்து பாக்க எனக்கு வெக்கமாக் கிடக்கு.

அடுத்த மாசம் பிள்ளையைப் பாக்க நீங்கள் வரேக்க நான் கட்டுநாயக்கா எயார்போட்டுக்கு ஜீப் கொண்டு வருவன் எண்டு பாத்துக்கொண்டு நிக்கவேண்டாம். சாவியை மாமி அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சுப்போட்டா. கொழும்பில இருந்து பஸ்ஸில வாங்கோ. அந்த பஸ் எத்தனையாம் தலைமுறை எண்டு மட்டும் தேடிப் பாத்து எனக்கு அனுப்பிப்போடாதேங்கோ.