எதிரொலியை உறிஞ்ச வந்த பெரியம்மா

புதிதாக நல்ல ஹெட்போன் வாங்கியவனோடு கொஞ்ச நாளைக்கு யாரும் கதைக்கப் போகக்கூடாது. கொக்குவிலில் அப்படி ஒருவன் இருந்தான், அது நான்தான். அப்போது எனக்கு வேலை இல்லை, காது மட்டும் இருந்தது. "ஓர்க்கெஸ்ட்ரா ஒலிப்பதிவில் நாங்கள் கேட்பது வயலினை மட்டுமில்லை, அது வாசிக்கப்பட்ட மண்டபத்தையும்தான்" என்று கேட்டவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கடைசிச் சுரம் நின்ற பிறகும் கூரை கொஞ்ச நேரம் பாடும், அதைக் கவனியுங்கள் என்பேன். (வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை. பாவம் கூரை.)

இந்தப் பேச்சை நம்பிய ஒரே மனிதர் சேவியர் மாஸ்டர். கடற்கரையோரத் தேவாலயம் ஒன்றில் பிள்ளைகளைச் சேர்த்துச் சின்னதாக ஓர் ஓர்க்கெஸ்ட்ரா நடத்தி வந்தவர். ஜேர்மனியில் நடக்கும் இசைவிழா ஒன்றுக்கு ஒலிப்பதிவு அனுப்ப வேண்டும், பிடித்தால் கூப்பிடுவார்கள். துணைக்குக் கொழும்பிலிருந்து வரும் செலோக்காரர்கள் பதிவு நாளன்று பின்னேரமே திரும்புகிறார்கள். "ஒருக்கால்தான் வாசிக்கலாம் தம்பி. பிறகு அவை ரயில் பிடிக்க வேணும். பிள்ளையள் கனவு கண்டுகொண்டு இருக்குதுகள், பாத்துச் செய்" என்றார். பதிவு செய்யும் பொறுப்பு அப்படி என் தலையில் விழுந்தது.

பதிவுக்கு முதல் நாள் வெறும் தேவாலயத்தில் கை தட்டிப் பார்த்தேன். சத்தம் பீடம் வரை போய், கூரையில் ஏறி, ஆறுதலாகத் திரும்பி வந்தது. இதில் வாசித்தால் ஒரு சுரத்தின் மேல் இன்னொன்று ஏறிக் கஞ்சியாகிவிடும். மருந்து எனக்குத் தெரியும்: ஆட்கள். துணி உடுத்த உடம்புகள் எதிரொலியை உறிஞ்சும். ஆனால் வேலை நாளில் தேவாலயத்துப் பங்குச் சனம் கடலுக்கும் சந்தைக்கும் போய்விடும். ஆகவே கரவெட்டியிலிருந்து என் சொந்தக்காரரை வான் பிடித்து இறக்கினேன்.

"நாங்கள் என்ன செய்ய வேணும்?" என்று பெரியம்மா கேட்டார்.

"ஒண்டும் செய்யத் தேவையில்லை. பட்டுச்சேலை உடுத்துக்கொண்டு சும்மா இருந்தால் காணும்."

(பெரியம்மாவைச் சும்மா இருக்கச் சொன்ன ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன்.)

நெற்றி நிறைய விபூதியோடு வந்தவர், காற்று வருகிறது என்று சித்தியையும் கூட்டிக்கொண்டு கடைசி வாங்கில் போய் அமர்ந்தார். நானோ கை தட்டித் தட்டித் தேடி, வளைந்த கூரையிலிருந்து சத்தமெல்லாம் வந்து சேரும் இடத்தைப் பிடித்து, அங்கே மைக்கைத் தொங்கவிட்டிருந்தேன். மாஸ்டர் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று கையை உயர்த்தினார். வயலின்கள் தொடங்கின. ஹெட்போனுக்குள் கூரை பாடியது! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு மெதுவான பகுதி வந்தது. அப்போது காதுக்குள் ஒரு குரல், மிகத் தெளிவாக:

"மாஸ்டர் தலைக்கு டை அடிச்சிருக்கிறார். பின்பக்கம் விட்டுப்போச்சு, பார்."

 கடைசி வாங்கில் பெரியம்மா குசுகுசுத்தது கூரை வழியாக வந்து நேரே என் மைக்கில் இறங்கிக்கொண்டிருந்தது.

"கண்ணாடியிலை முன்பக்கம்தானே தெரியும்" என்று சித்தி மாஸ்டருக்காகப் பரிந்து பேசினார்.

"அதுக்குத்தானே வீட்டிலை ஒரு மனுசி இருக்கிறா."

நிறுத்தித் திரும்ப வாசிக்கச் சொல்ல முடியாது, செலோக்காரர்களுக்கு ரயில் இருக்கிறது. கடைசி வாங்குக்கு ஓடவும் முடியாது. காலடிச் சத்தமும் பதிவாகிவிடும். வாயில் விரல் வைத்துக் காட்டினேன். பெரியம்மா அன்போடு கையசைத்தார். கும்பிட்டேன். "பாவம் பெடியன், வேர்த்துப்போய் நிக்கிறான். காலமை சாப்பிட்டிருக்க மாட்டான்" என்று காதுக்குள் கேட்டது. அடுத்து செலோக்காரரின் தொந்தி, புல்லாங்குழல்காரப் பிள்ளையின் சட்டை என்று ஒருவரையும் விடாமல் வந்தார். பிள்ளைகளின் ஜேர்மனி என் கண்முன்னே கரைந்துகொண்டிருந்தது.

வாசித்து முடித்ததும் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். "அண்ணை, போட்டுக் காட்டுங்கோ!" பெரிய ஸ்பீக்கரில் போட்டேன். (மெஷின் பழுது என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரம் மூளை வேலை செய்யவில்லை.) டை பற்றிய இடம் வந்தது. மாஸ்டரின் கை மெல்லத் தன் பிடரிக்குப் போனது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"என்ரை குரல் என்ன வடிவாய்க் கேக்குது!" என்றார் பெரியம்மா.

மாஸ்டர் பிடரியிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "பிள்ளையள் நல்லாய் வாசிச்சிருக்குதுகள். எங்களிட்டை இது ஒண்டுதான் இருக்கு. அனுப்பு" என்றார்.

அனுப்பினேன். அதன் பிறகு தூரத்தில் அவருடைய சைக்கிளைக் கண்டாலே ஒழுங்கைக்குள் திரும்பிவிடுவேன். இரவில் நித்திரை இல்லை. கடைசியில் மாஸ்டரே வீடு தேடி வந்தார். இசைவிழாக்காரர் கூப்பிட்டுவிட்டார்களாம்! வாசிப்பு பிடித்ததாம், தேவாலயத்தின் ஒலி பிடித்ததாம். அதிலும் மெதுவான பகுதியில் பக்தையான ஒரு பெண்மணி தாழ்ந்த குரலில் செபம் சொல்வது மனதை உருக்கிவிட்டதாம்.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள், மாஸ்டர்?"

"ஓம், அவ நெடுகச் செபத்திலைதான் இருப்பா எண்டு எழுதிப்போட்டன்."

பிள்ளைகள் போய் வாசித்துவிட்டு வந்தார்கள். எங்கள் குடும்பத்தில் அன்றிலிருந்து ஊர்வம்புக்குப் பெயர் செபம். கலியாண வீட்டில் பெரியம்மா சித்தியின் காதுப்பக்கம் சாய்ந்தால் போதும், "செபம் தொடங்கீட்டுது, எல்லாரும் எழும்பி நில்லுங்கோ" என்று யாராவது கத்துவார்கள். சேவியர் மாஸ்டரும் எங்கள் விசேஷங்களுக்குத் தவறாமல் வருவார். எத்தனை கதிரை காலியாக இருந்தாலும், சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டுதான் இருப்பார்.