மாமனார் விழுங்கிய சக்கரங்கள்

"அப்பா, வாயைத் திறங்க. எத்தனை முழுங்கினீங்க?"

மகள் கேட்டதும் மாமனார் திறந்து காட்டினார். வாயில் ஒன்றுமில்லை. மாத்திரை டப்பாவின் செவ்வாய்க்கிழமை அறையும் காலி. அதில் இருந்தவை மாத்திரைகளே அல்ல, வெள்ளைப் பிளாஸ்டிக் சக்கரங்கள்.

மாப்பிள்ளை பஸ் டிரைவர். ஊரெல்லாம் பெரிய பஸ்ஸை ஓட்டிவிட்டு, வீட்டுக்கு வந்தால் உள்ளங்கை அளவில் குட்டி பஸ் செய்வார். திருகு, ஆணி, சக்கரம் எல்லாவற்றுக்கும் சமையலறை டப்பாக்கள்தான் கிடங்கு. போன வாரம் உப்பு ஜாடியிலிருந்த திருகு மனைவியின் பல்லில் கடிபட்டது.

"இனி என் டப்பாவைத் தொட்டா கை இருக்காது" என்றாள்.

அவர் தொடவில்லை. மாமனாருக்கு வாங்கிய இரண்டு மாத்திரை டப்பாக்களில் ஒன்று சும்மா கிடந்தது. கிழமைக்கு ஓர் அறையாக அதில் சாமான்களை அடுக்கி, மற்ற டப்பாவின் பக்கத்திலேயே வைத்தார். மகா புத்திசாலி.

"நெஜமாவே முழுங்கிட்டீங்களா மாமா?"

"நான் ஒரு வேளைகூட மாத்திரை தவறினவன் இல்ல மாப்பிள்ளை. தண்ணியோட முழுங்கிட்டேன்."

"சக்கரம்னு தெரியலையா?"

"கண்ணாடி போடல."

"எங்கப்பா வயித்துல பஸ் விடப் பாக்கறீங்களா?" என்று மனைவி சீறினாள்.

டிரைவர் பழக்கூடைக்கு ஓடினார். வாழைப்பழம் தின்றால் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும் என்று ஒரு சீப்பையே உரித்துக் கொடுத்தார். சர்க்கரை நோய்க்காரரான மாமனார் மறுபேச்சில்லாமல் அத்தனையும் தின்றார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

"பிளாஸ்டிக் எக்ஸ்ரேல தெரியாது. வயிறு வலிச்சா ஆபரேஷன்தான். அது இருக்கட்டும், சர்க்கரை ஏன் இப்படி ஏறிக் கெடக்கு? மாத்திரை ஒழுங்கா போடறாரா?"

"தவறாம போடறார் டாக்டர், நானே டப்பாவைப் பாக்கறேனே. இந்த மனுஷன் ஒரு சீப்பு பழத்தைத் திணிச்சா ஏறாம என்ன பண்ணும்?"

டாக்டரும் டிரைவரைத்தான் முறைத்தார். ஆபரேஷன் என்றதும் மாமனாருக்கு முகம் வெளுத்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததுமே மனைவி சாக்கை விரித்தாள். திருகு, ஆணி, சக்கரம் எல்லாம் அதற்குள் போயின. கடைசியில், கதவு மட்டும் பாக்கியிருந்த குட்டி பஸ்ஸைக் கையில் எடுத்தாள்.

டிரைவர் குறுக்கே பாய்ந்தார்.

"அதை மட்டும் தொடாதே. உங்கப்பா கண்ணாடி போடாததுக்கு என் பஸ் என்ன பண்ணும்?"

"பேசாதீங்க. அவருக்கு ஏதாவது ஆச்சு, இந்தச் சாக்கோட நீங்களும் வெளியே போகணும். அவர் மாதிரி ஒரு ஒழுங்கு உங்ககிட்ட இருக்கா?"

மாமனார் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டார். டிரைவர் பஸ்ஸின் ஒரு பக்கத்தைப் பிடித்து இழுத்தார். மனைவி மறுபக்கத்தை விடவில்லை. கூரை மடக்கென்று முறிந்தது.

அப்போது வேலைக்கார அம்மா பால்கனியிலிருந்து மண் கையோடு வந்தார்.

"ஏக்கா, பெரியவர் செடிக்குச் சத்துன்னு தினமும் தொட்டியில மாத்திரையைத்தானே புதைப்பாரு, இன்னிக்கு ஏன் சக்கரத்தைப் புதைச்சு வச்சிருக்காரு?"