முருகன் பாட்டில் ஒரு ஆமென்

மற்றவர்கள் வாய்தவறிச் சொன்னதெல்லாம் காற்றோடு போய்விடும். நான் சொன்ன ஒரு சொல் மட்டும் இசைத்தட்டில் பதிந்து கிடக்கிறது. (இத்தனைக்கும் தெருவில் என்னை ஊமை என்றே நினைத்தார்கள். அவ்வளவு கூச்சம்.)

யுத்த காலம். மயிலாப்பூரில் எங்கள் மாதா கோயிலில் பாடிக்கொண்டிருந்த அக்கா மரியபுஷ்பத்தை ஒரு ரிக்கார்டு கம்பெனி முருகன் பாட்டுப் பாடக் கூப்பிட்டது. அக்கா கேட்டது ஒன்றே ஒன்று.

"தட்டுல என் பேரு போடுவாங்களா சார்?"

"போடாம?" என்றார் கம்பெனியின் பாட்டு வாத்தியார்.

அன்றிலிருந்து அக்கா கரித்துண்டால் சமையலறைச் சுவரில் வட்டம் போடுவாள். நடுவில் தன் பெயரை எழுதிப் பார்ப்பாள். அம்மாவிடம் அடி வாங்குவாள்.

சுருதிப் பெட்டி போட என்னையும் அழைத்துப்போனாள். ஒரு வாடகை பங்களா. சத்தம் வராமல் ஜன்னலெல்லாம் கம்பளி போட்டு மூடி, விசிறியையும் நிறுத்திவிட்டார்கள். உள்ளே வெந்துபோனோம்.

"செவப்பு விளக்கு அணையற வரைக்கும் மூச்சு விடக்கூடாது. மெழுகுத் தட்டு இது ஒண்ணுதான் மிச்சம். அடுத்தது கப்பல்ல வரணும்" என்றார் பதிவு செய்பவர். பிறகு என்னைப் பார்த்தார். "இந்தப் பொண்ணு?"

"அதுவா? அடிச்சாலும் வாயத் தொறக்காது சார்" என்றாள் அக்கா.

பாடினாள். அப்படி அவள் கோயிலில்கூடப் பாடியதில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அதுதான் வினை. வீட்டில் தினமும் ஜெபமாலை முடிந்ததும் அக்கா ஒரு பாட்டுப் பாடுவாள். பாட்டு முடிந்ததும் ஆமென் சொல்வது என் வேலை. கடைசி அடியை இழுத்து நிறுத்தினாள். விளக்கு இன்னும் அணையவில்லை.

"ஆமென்" என்றேன். கணீரென்று.

பட்டை பட்டையாகத் திருநீறு பூசியிருந்த மிருதங்கக்காரர் என்னையே பார்த்தார். வாத்தியார் தலையில் கைவைத்தார்.

"இன்னாடி பண்ணிட்ட, தெரசு?" என்றாள் அக்கா.

மாதிரித் தட்டு வந்தது. பெயர் இல்லாத வெள்ளை லேபிள். பாட்டைவிட ஆமென் தெளிவாக இருந்தது.

"இத வித்தா ரெண்டு கோயில்லேர்ந்தும் அடிக்க வருவாங்க" என்றார் வாத்தியார். "கம்பெனிக்காரங்க அடுத்த வருஷம் வருவாங்க. மறுபடி பாடிக்கலாம்."

வந்தார்கள். அதற்கு ஒரு மாதம் முன்னால் விஷ ஜுரத்தில் அக்கா போய்விட்டாள். அடக்கத்தில் சாமியார் ஜெபித்து நிறுத்தும்போதெல்லாம் எல்லோரும் ஆமென் என்றார்கள். எனக்கு மட்டும் வரவில்லை.

எத்தனையோ வருஷம் கழித்து, பழைய இசைத்தட்டுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் பல்கலைக்கழகக்காரர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். வாத்தியார் வீட்டுப் பரணில் அந்தத் தட்டு அவருக்குக் கிடைத்திருக்கிறது.

"வெள்ளை லேபிள் தட்டு எவ்வளவோ கெடக்குதும்மா, யாரும் சீண்ட மாட்டாங்க. இந்த ஆமெனுக்காகத்தான் நாலு வருஷமா அலையறேன். அந்தக் காலத்து மத ஒற்றுமைக்கு இதவிட..."

"ஒற்றுமையும் இல்ல, ஒண்ணும் இல்ல தம்பி. பழக்கதோஷம்" என்றேன்.

அவர் புத்தகம் அச்சாகி வந்தது. பாடியவர்: மரியபுஷ்பம். அதற்குக் கீழே, ஆமென்: தெரசம்மாள்.

"ஒரே வார்த்த பாடி புஸ்தகத்துல பேர் வாங்கினது எங்க பாட்டி ஒருத்திதான்" என்று பேரப்பிள்ளைகள் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார்கள். நானும் சிரிப்பேன். அன்றைக்கு அந்தச் சொல்லை விழுங்கியிருந்தால், தட்டு கடைக்கு வந்திருக்கும். அக்கா அவள் பெயரை அவள் கண்ணாலேயே பார்த்துவிட்டுப் போயிருப்பாள்.