ஸ்டெப்னி உறையில் பேசுகிறவர்

கருத்துச் சொல்லாமல் இருக்கவும் முடியாது, சொல்லிவிட்டு அந்த இடத்தில் நிற்கவும் முடியாது என்கிற ஒரு மனித வகை உண்டு. ஸ்கூட்டருக்குப் பின்னால் ஸ்டெப்னிச் சக்கரமும் அதற்கோர் உறையும் வைத்தது இவருக்காகத்தான். ரயில்வே கேட்டில் உங்களுக்கு முன்னால் நிற்பவர் அவரே. முகம் தெரியாது, கொள்கை தெரியும்.

பாளையங்கோட்டைக் கணக்கு வாத்தியார் நாறும்பூநாதன் இந்த வகையில் நன்றாக முற்றியவர். ரேஷன் கடையில் எடை குறைந்தால் பேசமாட்டார், பஸ்ஸில் மீதிச் சில்லறை வராவிட்டால் பேசமாட்டார், பக்கத்து வீட்டுக் குப்பை இவர் வாசலுக்கு வந்தாலும் வேட்டியைத் தூக்கித் தாண்டிப் போவார். போய், மேலப்பாளையம் அலி அக்பர் ஸ்டிக்கர் கடையில் ஒரு வாசகம் வெட்டி ஒட்டிக்கொண்டு வருவார். சமூகம் அத்தோடு திருந்திவிடும் அல்லவா?

"அண்ணாச்சி, எல்லாரும் சாமி பேரு, புள்ளைக பேரு ஒட்டுதாங்க. நீங்க ஏன் சண்டைய ஒட்டுதீய?" என்றார் அலி அக்பர்.

"நீ வெட்டு. ஒருத்தனாவது சொல்லணும்லா."

சிவப்பு ரேடியத்தில் வந்தது: லஞ்சம் வாங்கும் நாயே, வெட்கமில்லையா?

அந்த வருஷம் வாத்தியார் வீடு கட்டிக்கொண்டிருந்தார். சுவர் எழும்பிக் கூரையில்லாமல் நின்றது. பட்டா வந்தால் கடன், கடன் வந்தால் கூரை. ஐப்பசி மழையோ நெருங்கிவிட்டது. பட்டாவுக்குச் சர்வேயர் சிவசைலம் வந்து அளக்க வேண்டும். மனுக் கொடுத்தவர்தான் சர்வேயரை வண்டியில் ஏற்றிப் போகவேண்டும் என்பது எந்தச் சட்டத்திலும் இல்லாத, எல்லோருக்கும் தெரிந்த நடைமுறை.

ஏற்றினார். அளவுச் சங்கிலியை மடியில் வைத்துக்கொண்டு, சரியாக அந்த வாசகத்துக்கு மேலே உட்கார்ந்தார் சர்வேயர். பின்னால் வந்த டவுன் பஸ் டிரைவர் வாசகத்தைப் படித்தார், நிமிர்ந்து ஆளைப் பார்த்தார், மறுபடி படித்துவிட்டு ஆரன் அடித்தார். ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள். காலேஜ் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"வாத்தியாரே, ஊருக்கே உம்மத் தெரியும் போலிருக்கே. பாத்துப் பாத்துச் சிரிக்காங்க."

வாத்தியாருக்கு அப்போதுதான் ஸ்டெப்னி வாசகம் நினைவுக்கு வந்தது.

இடம் வந்ததும் ஸ்டெப்னியை முதுகால் மறைத்து நின்றார். சர்வேயர் அவரைப் பைய விலக்கிவிட்டு வாசித்தார். இருபத்திரண்டு வருஷ வேலையில் அடுத்தவர் காசில் ஒரு டீ குடிக்காத மனுஷன். அவரைத்தான் ஊரெல்லாம் ஊர்வலம் விட்டாயிற்று. பாவம், கண் கலங்கிவிட்டது.

மன்னிப்புக் கேட்கலாம். ஆனால் வாத்தியாருக்கு வாயால் பேசிப் பழக்கமில்லையே. எதற்கும் இருக்கட்டும் என்று சட்டைப்பையில் வைத்திருந்த கவரை எடுத்து நீட்டினார்.

சர்வேயர் கவரையும் ஸ்டெப்னியையும் மாறி மாறிப் பார்த்தார். "வே, இது வாங்குதவனுக்கு எழுதினது. குடுக்கவனுக்கு எங்கன ஒட்டியிருக்கீரு?"

பிறகு சங்கிலியைப் போட்டு ஓர் அங்குலம் விடாமல் அளந்தார். வாத்தியாரின் கிழக்குச் சுவர் ஒன்றரை அடி வாய்க்கால் புறம்போக்கில் நின்றது. அப்படியே எழுதிக்கொண்டு பஸ் ஏறிப் போனார். சுவரை இடிக்கும்போது மழையும் பிடித்துக்கொண்டது.

மறுவாரம் வாத்தியார் பழைய வாசகத்தைச் சுரண்டிவிட்டுப் புதிதாக ஒன்று ஒட்டினார்: கண்டிப்பான அதிகாரிகளால் நாடு கெடுகிறது.

சிரிக்கிறீர்களா? நல்லது. எழுந்துபோய் உங்கள் வண்டியின் பின்பக்கத்தை ஒருமுறை பாருங்கள். வண்டியே இல்லை என்கிறீர்களா? அப்படியானால் உங்கள் கொள்கையை எங்கே ஒட்டியிருக்கிறீர்கள் என்று உங்களுக்குப் பின்னால் நடந்து வருகிறவரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் ஏற்கெனவே சிரித்துக்கொண்டுதான் வருகிறார்.