கிளம்ப அனுமதி இல்லை

என் நாட்குறிப்பில் ஒரு வெள்ளிக்கிழமைப் பக்கம் இப்படி இருக்கிறது: ‘காலை 7.15. பாய் வண்டியைச் சுற்றி வந்தார். கைக்குட்டையைத் தூக்கிக் காற்றுப் பார்த்தார். கிளம்ப அனுமதி இல்லை.’

வண்டி என்பது ஒரு பழைய மொபெட். போக வேண்டியது பேட்டையிலிருந்து பக்கத்திலிருக்கும் தச்சநல்லூருக்கு.

பயணியாக உட்கார்ந்து போனதைக் கழித்துவிட்டால், தரையை விட்டு ஒரு சாண் கூட எழும்பாமல், உலகத்திலுள்ள அத்தனை குட்டி விமானங்களுக்காகவும் கவலைப்பட்ட ஒரே மனிதர் எங்கள் சுத்துமுத்து பாய்தான். மொபெட்டைக் கிளப்பும் முன் சுத்துமுத்தும் பார்ப்பதால் வந்த பெயர். டயரை அமுக்குவார். பிரேக் வயரை இழுப்பார். பெட்ரோல் மூடியைத் திறந்து ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்ப்பார். கடைசியில் தெருவே அதிர “விலகு!” என்று ஒரு சத்தம். எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் பழக்கத்தில் காலை மடக்கிக்கொள்வார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை நான் கேட்டேன்: “யாரு பாய் அனுமதி தரணும்?”

“நான்தான்.”

“அப்ப தாருமே.”

“கேட்டுட்டேன்வே. தர மாட்டேன்னுட்டேன்.”

வளைகுடாவில், சொந்தப் பிரியத்துக்காக விமானம் ஓட்டுகிறவர்களின் சங்கம் ஒன்றில் பாய் பல வருஷம் வேலை பார்த்தவர். விமானம் கழுவுவது, பெட்ரோல் ஊற்றுவது, கொட்டகைக்குள் தள்ளி நிறுத்துவது. ஓட்டச் சொல்லிக் கொடுப்பவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டே இங்கிலீஷ் அவருக்குக் காதில் ஏறிவிட்டது. கண்ணில் ஏறவில்லை, ஓர் எழுத்து வாசிக்க வராது. ஊருக்குத் திரும்பி, பேட்டையில் இரும்புக் கேட் செய்யும் பட்டறை போட்டார்.

வெல்டிங் செய்துகொண்டே காதில் கருவியை மாட்டி விமானிகளின் பாட்காஸ்ட் கேட்பார். ஒருநாள் தச்சநல்லூர் அண்ணாச்சி ஒருவர் தன் கேட்டைப் பார்க்க வந்து குனிந்து நின்றார். பாயின் காதில் யாருக்கோ நடுவானில் இஞ்சின் நின்றுவிட்டது. “மூக்கை இறக்குலே! முதல்ல மூக்கை இறக்கு!” என்று பாய் கத்த, அண்ணாச்சி தன் மூக்கைப் பொத்திக்கொண்டு தரையோடு தரையாக உட்கார்ந்துவிட்டார்.

“எனக்கு என்னவே ஆச்சு?” என்றார் எழுந்ததும்.

“உமக்கு ஒண்ணுமில்ல. அவன் பொழைச்சிட்டான், அல்ஹம்துலில்லா” என்றார் பாய்.

இதெல்லாம் பொழுதுபோக்காக இருந்தவரை நாங்கள் சிரித்தோம். அதன் பிறகுதான் காசிம் விமானம் ஓட்டக் கற்க ஆரம்பித்தார்.

காசிம், பாயின் தங்கை மெகரின் கணவர். வளைகுடாவில் உதிரி பாகக் கடை. ஐம்பது வயதுக்கு மேல் அவருக்கு ஆகாய ஆசை வந்தது. ஊருக்கு வந்திருந்தபோது வாடகைக் காரை நேராக வாய்க்காலுக்குள் இறக்கி, “ரோடுதாம்வே வளைஞ்சிட்டு” என்று விளக்கம் சொன்ன மனிதர் அவர். மெகர் போனில் அண்ணனிடம் அழுதது எனக்கும் கேட்டது: “காக்கா, நான் சொன்னா கேக்க மாட்டாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க. அவங்க ஹயாத்தோட, உசுரோட வீட்டுக்கு வரணும், அது போதும்.”

காசிம் பாய்க்குத் தினமும் வீடியோ அனுப்பினார். சூரிய அஸ்தமனம், கறுப்புக் கண்ணாடி, பின்னணியில் பாட்டு. பாய் என்னிடம் போனை நீட்டினார். “பாரும்வே. இவன் விமானம் ஓட்டுதானா, மாப்பிள்ளை ஊர்வலம் போறானா? பாட்டைப் போட்டா இஞ்சின் சத்தம் எங்கன கேக்கும்?”

அன்றே வேலையை ஆரம்பித்தோம். இணையத்தில் இருக்கிற மலையளவு குப்பையிலிருந்து காசிமுக்கு ஆகும் வீடியோக்களையும் பாட்காஸ்டுகளையும் பொறுக்கி எடுப்பது. பாய் கேட்பார், நான் வாசிப்பேன். பதிவு அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தேதி இல்லாத காகிதத்தைக் கண்டால் எனக்குக் கை அரிக்கும். ஒரு நீள நோட்டில் கோடு போட்டோம்: பேசுவது யார், எந்த நாட்டு விதி, தேதி என்ன, தேறுமா.

பாயின் சட்டங்கள் கடுமையானவை. பாட்டு இருந்தால் தள்ளு. கேமராவைப் பார்த்துச் சிரித்தால் தள்ளு. பேசுகிறவர் முதல் பத்து நிமிஷத்துக்குள் தன் தவறு ஒன்றையாவது ஒத்துக்கொண்டால் வைத்துக்கொள். “தப்பே செய்யாதவன்கிட்ட என்னத்தவே படிக்க?”

தேதி என் இலாகா. ஒருமுறை பாய் மெச்சிய ஒரு வீடியோவில் சொன்ன விதி, வெகுநாள் முன்பே மாறிவிட்டிருந்தது. நான் கண்டுபிடித்துச் சொன்னேன். பாய் எழுந்து நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார். “நல்லவேளை. இனி உம்ம வாயால ‘தேதி சரி’ன்னு வராம ஒண்ணும் போகாது.” அப்படியே நடந்தது. நான் ‘தேதி சரி’ என்றதும் கடைசிக் கட்டத்தில் நீலப் பென்சிலால் ஒரு குறி போடுவார். பிறகு தன் குரலில் நாலு வார்த்தை பதிந்து, கீழே அந்த இணைப்பையும் சேர்த்துக் காசிமுக்கு அனுப்புவார்.

எனக்கு இதில் தலைகால் புரியாத பெருமை.

ஒருநாள் காலையில் பாய் பட்டறையைத் திறக்காமல் நேராக என் வீட்டுக்கு வந்தார். கண் சிவந்திருந்தது. ஒரு வயதான விமானி பேசிய பாட்காஸ்ட். எதிரே மூட்டம் தெரிகிறது; திரும்பியிருக்கலாம். அந்தப் பக்கம் சாப்பாட்டுக்கு ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்ற ஒரே காரணத்துக்காக அவர் திரும்பவில்லை. விமானம் விழுந்ததில் கூட வந்த சிநேகிதர் போய்ச் சேர்ந்தார், இவர் பிழைத்தார். முக்கால் மணி நேரம் அதை மட்டும்தான் சொல்கிறார்.

“வே, நாம பொறுக்குனது எல்லாத்தையும் தூரப் போடும். இது ஒண்ணு போதும். இதைக் கேட்டவன் திரும்பிருவான்.”

“தேதி பார்க்கணுமே” என்றேன்.

அந்த இணையப் பக்கத்தில் போட்டிருந்த வருஷம் ஒன்று. அவர் ‘போன குளிர்காலம்’ என்று சொல்வதை வைத்துக் கணக்குப் போட்டால் வேறொன்று. ஒரு வருஷம் இடிக்கிறது. அவருக்கே மின்னஞ்சல் எழுதினேன். அந்த மின்னஞ்சலின் நடையைப் பற்றிக்கூட அப்போது எனக்குத் திருப்தி.

பாய் தினமும் காலையில் வாசலில் வந்து நிற்பார். “பதில் வந்துச்சா?”

“இல்லை பாய்.”

“சரி. அப்ப கிளம்ப அனுமதி இல்ல.” போய்விடுவார். வேறு எதையும் காசிமுக்கு அனுப்பவும் இல்லை. ஒரு நாளும் ‘பரவாயில்லை, அனுப்பிவிடுவோம்’ என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் ஒத்துக்கொண்டிருப்பேனா என்று இப்போது யோசிப்பதில் பயனில்லை.

பத்தொன்பது நாள் அப்படிப் போயிற்று. இருபதாம் நாள் மெகர் போன் செய்தார்.

காசிம் லைசென்ஸ் வாங்கிய கையோடு ஒரு சிநேகிதரை ஏற்றிக்கொண்டு கிளம்பியிருக்கிறார். எதிரே மணற்புழுதி எழும்பியிருக்கிறது. அந்தப் பக்கம் சிநேகிதர்கள் பிரியாணி ஆக்கி வைத்துக் காத்திருந்திருக்கிறார்கள். திரும்பவில்லை. புழுதிக்குள் தரை எது வானம் எது என்று தெரியாமல், மணலில் இறங்கி, விமானம் கவிழ்ந்தது. சிநேகிதருக்குச் சிராய்ப்பு. காசிமுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

அந்த வயதான விமானியின் பேச்சை மறுபடி நினைத்துப் பார்த்தேன். அதில் விதி எதுவும் கிடையாது. மாறிப்போவதற்கு அதில் ஒன்றுமே இல்லை. திரும்பியிருக்கலாம் என்று ஒரு கிழவர் சொன்னது எந்த வருஷமானால் என்ன?

தங்கைக்கு ஒத்தாசையாக இருக்கப் பாய் புறப்பட்டார். போகிற அன்று என்னிடம் நோட்டையும் மொபெட் சாவியையும் தந்தார். நான் பேச வாயெடுத்தேன். அவர் விடவில்லை. “வாரத்துக்கு ஒருக்க கிளப்பும். சும்மா கிளப்பாதீரும், சுத்திப் பாத்துட்டுக் கிளப்பும். பெட்ரோல் மூடி கொஞ்சம் லூசு, பைய திருகணும்.” அவ்வளவுதான். திரும்பி வருவார் என்றிருந்தேன். அங்கேயே, புறப்பட்டுப் போன எட்டாம் மாதத்தில், உட்கார்ந்த இடத்தில் மவுத்தாகிவிட்டார்.

துக்கம் கேட்கப் போன் செய்தபோது, வீடியோ, பாட்காஸ்ட் பற்றிக் காசிமே பேச்சை எடுத்தார். “நீங்க ரெண்டு பேரும் அனுப்புனதுல ஒரு வீடியோவைக்கூட நான் திறந்து பாத்ததில்ல சார். மச்சான் குரல்ல வருமே, அந்த நாலு வார்த்தை, அதை மட்டும் கேப்பேன். கேட்டா அன்னைக்கி ஒழுங்கா ஓட்டுவேன். கடைசி இருபது நாளா அதுவும் வரல. கோவமாக்கும்னு நினைச்சேன்.”

நான் ‘கோபமில்லை’ என்று மட்டும் சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் நோட்டைத் திறக்கத் தைரியம் வந்தது. கடைசி வரி, என் கையெழுத்தில், அந்தக் கிழவரின் பேச்சு. தேதிக் கட்டம் காலி. அதற்கு அடுத்த கட்டத்தில், ‘தேறுமா’ என்ற இடத்தில், நீலப் பென்சிலால் ஒரு குறி இருக்கிறது.

விபத்துக்கு முன்பே போட்டிருந்தால், தேறும் என்று தெரிந்தும் என் வார்த்தைக்காக அத்தனை நாள் அவர் காத்திருந்திருக்கிறார். பின்பு போட்டிருந்தால், நான் சொல்லாமல் விட்ட ‘தேதி சரி’யை எனக்காக அவரே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பென்சில் கோட்டில் தேதி இருக்காது. மின்னஞ்சலுக்கும் பதில் இல்லை.

வெள்ளிக்கிழமை தோறும் மொபெட்டைச் சுற்றி வந்து, மூடியைப் பைய திருகி, “விலகு!” என்கிறேன். டீக்கடையில் இன்னும் காலை மடக்குகிறார்கள். அந்தக் குறி எந்த நாளில் போடப்பட்டது என்பது மட்டும் இதுவரை உறுதிப்படவில்லை.