எங்கள் வீட்டுப் பிரார்த்தனையில் கை வைத்த பாடம்

சொல்லுக்கு முன்னும் பின்னும் நிற்கும் இறைவன் திருவடி போற்றி.

ஆங்கில ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிப் பேராசிரியை அம்மையார் அவர்களுக்கு, தங்கள் மாணவி ஒருத்தியின் தந்தை வணக்கத்துடன் எழுதுவது. தங்கள் பாடம் வீட்டுக்குள் நுழையும்வரை இங்கு அனைவரும் நலமாகவே இருந்தோம்.

ஆங்கிலம் கற்பிக்கப் போகிறவளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருவீர்கள் என்று அறியாமையால் நம்பிவிட்டேன். தாங்களோ விமர்சனச் சொல்லாடல் ஆய்வு என்னும் பூதக்கண்ணாடியை அவள் கையில் கொடுத்து, யார் பேசுகிறார், யாருக்காகப் பேசுகிறார், யார் வாய் மூடியிருக்கிறார் என்று கண்டதையெல்லாம் கேட்கச் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். முதலில் ஆறாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில், அப்பா நாளிதழ் படிக்க அம்மா பாத்திரம் கழுவும் படத்தைப் பிடித்துக்கொண்டாள். பொறுத்தேன், அந்த அப்பா எனக்கு உறவில்லை. பிறகு, வீட்டில் தினமும் ஒலிக்கும் ஒன்றை ஆராய்ந்து வரும்படி பணித்தீர்களாம். மாலைதோறும் குடும்பத்தை உட்காரவைத்து நான் சொல்லும், நானே வெண்பாவாக யாத்த பிரார்த்தனையை எடுத்துக்கொண்டாள். அதில் மகனுக்கு உத்தியோகம், மகளுக்கு நல்ல வரன், எனக்கு நற்கதி, மனைவிக்குப் பொறுமை வேண்டியிருந்தேன். இதில் என்ன குற்றம்?

"அம்மாவுக்கு ஏன்ப்பா பொறுமை மட்டும்? யாரைப் பொறுத்துக்கறதுக்கு?"

"தெய்வத்துகிட்ட பேசறப்ப குறுக்க பேசாதே!"

"தெய்வம் எங்கப்பா பேசுது? நீங்கதானே பேசறீங்க."

பக்கத்திலிருந்து சிரிப்பு. மணமான நாள் முதல் ஒவ்வோர் அடிக்கும் 'அப்படியே ஆகட்டும்' சொல்லிவந்த என் மனைவி! "பொறுமை நெறையவே வந்து சேந்துடுச்சுங்க. வேற ஏதாவது கேட்டுப் பாருங்க" என்றாள். அன்றோடு 'அப்படியே ஆகட்டும்' நின்றுபோயிற்று. இப்போது நானே பாடி நானே ஆமோதித்துக்கொள்கிறேன்.

ஆகவே, திங்கட்கிழமை முதல் என் மகள் தங்கள் வகுப்புக்கு வரமாட்டாள். தங்கள் பேரறிவை, அதைத் தாங்கும் வீடுகளுக்கு வழங்கியருள்க. தாங்களும் தங்கள் இல்லத்தாரும் நோயின்றி நீடு வாழவும், சிறப்பாகத் தங்கள் கணவருக்குப் பொறுமை பெருகவும் இறைவன் அருள்வாராக.

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து இதைச் சேர்க்கிறேன். உறையை ஒட்டிவிட்டு மாலைப் பிரார்த்தனைக்கு அமர்ந்தேன். மனைவிக்குரிய அடி வந்ததும் பாட்டை நிறுத்தினேன். வேறு என்ன கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை. திரும்பி, "உனக்கு என்னதான் வேணும்?" என்றேன். இதற்குமுன் கேட்டதில்லை.

"திங்கக்கிழமை அவ வகுப்புக்குப் போகணும்."

இறைவன் முன்னிலையில் கேட்டுவிட்டாள். 'அப்படியே ஆகட்டும்' என்று நான்தான் சொல்ல வேண்டியதாயிற்று. மகள் வருவாள். அந்த அடியில் இப்போது வெண்பா தளை தட்டுகிறது; பொறுமையை இனி இறைவனே வைத்துக்கொள்ளட்டும்.